பத்தொன்பது நாள்

நீங்க இப்பச் சொன்னீங்கள்ல, "கவர்மெண்டு லேப்பு சொல்றத எவன் நம்புவான்"னு. இல்ல இல்ல, கோவமெல்லாம் இல்லம்மா. போன்ல யாரோ எதையோ அனுப்பியிருக்காங்க, படிச்சீங்க, மனசுல பட்டதச் சொன்னீங்க. இந்த பஸ்ல வந்த அத்தன பேரும் அதத்தான் சொல்லுவாங்க. நான் அந்த மாதிரி ஒரு லேப்புலதான் முப்பத்தொரு வருஷம் வேலை பாத்தேன். குடிதண்ணி பரிசோதனை. போன வருஷந்தான் ரிட்டையர் ஆனேன். அதான் என்னையறியாமச் சிரிச்சுட்டேன். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க.

மாத்து பஸ் வர ஒரு மணி நேரம் ஆகும்னு கண்டக்டர் சொல்லிட்டுப் போறாரு. அவரு சொல்ற ஒரு மணி நேரம்னா ஒன்றர. இப்படி நிழலுக்கு வந்து உக்காருங்க. பைய மடியில வச்சுக்கங்க, மண்ணுல எறும்பு இருக்கு.

என் பேரு அழகுமீனா. லேப்புல மீனா மேடம். மேடம்னா பெரிய ஆபீசர்னு நெனைக்காதீங்க. கெமிஸ்ட். எனக்கு மேல சீனியர் கெமிஸ்ட், அவருக்கு மேல இன்ஜினியரு, அவருக்கு மேல யார் யாரோ. ஊரு ஊரா தண்ணி பாட்டில்ல வரும். உப்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு, கிருமி இருக்கா, எல்லாம் பாத்து எழுதணும். கிருமி பாக்கறதுக்கு ஒரு சின்ன பாட்டில் இருக்குங்க. மருந்து தடவின பாட்டில். அதுல தண்ணிய ஊத்தி ஒரு நாள் வச்சா, நல்ல தண்ணின்னா அப்படியே இருக்கும். சாக்கடை கலந்த தண்ணின்னா கருகருன்னு ஆயிரும். மை மாதிரி. அதுல பேச்சுக்கே எடமில்ல. அந்தக் கருப்புக்குக் கட்சி கெடையாது, சாதி கெடையாது. முப்பத்தொரு வருஷத்துல நான் ஒரு நம்பரக்கூட மாத்தி எழுதினதில்லம்மா. ஒரு நம்பரக்கூட. இத நான் எந்தக் கோயில்ல வேணாலும் சூடம் அணைச்சுச் சொல்லுவேன்.

எனக்குக் கல்யாணம் அமையல. ஒரு தம்பி, பாண்டித்துரை. என்னய விட ஒம்பது வயசு சின்னவன். எங்கம்மா போனப்ப அவனுக்கு ஏழு வயசு. குளிக்க வச்சு, சோறூட்டி, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதெல்லாம் நாந்தான். எங்க ஊரு செம்பனேந்தல். பேரூராட்சி, ஆனா கிராமந்தான். அவன் அங்கயே மோட்டார் காயில் கட்டுற கடை வச்சான். எதிர்க்கட்சியில இருந்தான். கொடி புடிக்கிறது, மைக் புடிக்கிறது, அந்த அளவுதான் அப்ப. நான் வேலைக்காக டவுன்ல வீடு எடுத்துத் தங்கிட்டேன். அவன் மக தேன்மொழி காலேஜ் படிச்ச மூணு வருஷமும் என்கூடதான் இருந்தா. அத்தை அத்தைன்னு பின்னாலயே வரும். நான் தண்ணிய மோந்து பாத்துட்டுக் குடிக்கிறதப் பாத்து, அதுவும் மோந்து பாத்துட்டுதான் குடிக்கும். பெத்தாதான் புள்ளையா.

செம்பனேந்தலுக்குப் புதுசா ஒரு பெரிய தண்ணித்தொட்டி கட்டினாங்க. மந்திரி வந்து தொறந்தாரு. வாழமரம், மேளம், ஊரு பூரா சீரியல் பல்பு. தொறந்து மூணு வாரம் இருக்கும், சாம்பிள் எங்க லேப்புக்கு வந்துச்சு. வழக்கமா எடுக்கறதுதான். பாட்டில்ல ஊத்தி வச்சேன். மறுநாள் காலைல போயிப் பாக்கறேன், கருப்பு. தொட்டி புதுசு, ஆனா தெருவுக்குள்ள போற குழாய் பழசு. சாக்கடைக்குள்ள ஓடற குழாய். எங்கயோ ஓட்டை.

அப்ப அந்தத் தொகுதிக்கு இடைத்தேர்தல் அறிவிச்சிருந்தாங்க.

சந்தானகோபால் சார்தான் எங்க சீனியர். தங்கமான மனுஷன். யாரையும் ஒருமைல பேசமாட்டாரு. நான் பாட்டில எடுத்துட்டுப் போயி அவரு மேசைல வச்சேன். பாத்தாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு.

"மீனா, ரிசல்ட்ட மாத்துங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். அது உங்களுக்கே தெரியும்."

"தெரியும் சார்."

"இன்னொரு தடவ சாம்பிள் எடுத்து கன்ஃபர்ம் பண்ணிருவோம். அவசரப்பட்டு அனுப்பினா ஊரே பீதியாயிரும். தேர்தல் நேரம். நம்மதான் யாருக்கோ வேலை செய்யறோம்னு சொல்லுவாங்க."

நியாயமாத்தான பட்டுச்சு? நம்ம லேப்பு எந்தப் பக்கமும் சாயக்கூடாதுன்னுதான் அவரு சொன்னாரு. ரிஜிஸ்டர்ல ரிசல்ட்ட உள்ளபடி எழுதிட்டேன். கிருமி இருக்கு, குடிக்கத் தகுதியில்லை. நீல மையில எழுதினேன். அனுப்பிய தேதிங்கற கட்டத்த மட்டும் காலியா விட்டேன். ரெண்டாவது சாம்பிள் வர ஒரு வாரம் ஆச்சு. அதுவும் கருப்பு. அப்புறம் மூணாவது ஒண்ணு எடுக்கச் சொன்னாரு, குழாய் முனையில இல்லாம தொட்டியிலயே எடுக்கணும்னாரு. இப்படியே போச்சு. "பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லி போன்ல சொல்லியாச்சு மீனா"ன்னாரு. போட்டாங்களான்னு நான் கேக்கல. அது என் வேலை இல்லம்மா. நான் லேப்பு.

ஆனா மனசு கேக்கல. மொத பாட்டில் கருத்த அன்னிக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்ததும் பாண்டிக்குப் போன் பண்ணிட்டேன்.

"தம்பி, குழாத்தண்ணிய அப்படியே குடிக்காதீங்க. நல்லா கொதிக்க வச்சுக் குடிங்க. புள்ளைக்கும் சொல்லு."

"ஏன்க்கா, என்ன?"

"எதுக்குன்னு கேக்காத. சொல்றதச் செய்யி. வெளிய யார்கிட்டயும் மூச்சு விட்றாத, என் வேலை போயிரும்."

சரின்னான். அவன் வாக்குக் குடுத்தா வாக்குதான். வெளிய சொல்லல. கூடப் பொறந்தவனுக்குச் சொல்றது ஒரு தப்பா? ஆபீஸ் ரகசியந்தான், ஒத்துக்கறேன். ஆனா ரத்தம்னு ஒண்ணு இருக்குல்ல. நீங்களா இருந்தாலும் சொல்லியிருப்பீங்க. தல ஆட்டுறீங்க பாருங்க.

ஓட்டுப்பதிவுக்கு நாலு நாள் இருக்கறப்ப ஊர்ல வயித்துப்போக்கு வந்துருச்சு. மொதல்ல மேலத்தெருவுல. அப்புறம் பாண்டி வீட்டுக்கு எதுத்த வீடு. அங்க டீக்கடை போட்டிருந்த பொண்ணோட மக, யாழினின்னு பேரு, அஞ்சு வயசு. காலைல ஆரம்பிச்சிருக்கு. மத்தியானம் கண்ணு உள்ள போயிருச்சாம். ஆட்டோ வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே முடிஞ்சுபோச்சு.

ஓட்டுப்பதிவுக்கு மறுநாள் சார் கூப்புட்டு, "அனுப்பிருங்க மீனா"ன்னாரு. அனுப்பிட்டேன். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. சாம்பிள் வந்த நாள்லருந்து கணக்குப் பாத்தா பத்தொம்பது நாள். ரிப்போர்ட் போன மறுநாளே குழாயத் தோண்டி மாத்திட்டாங்க. ஒரே நாள்ல.

அடுத்து நான் ஊருக்குப் போனேன். பாண்டி சாப்பாடு போட்டான், பஸ்ஸேத்தி விட வந்தான். பஸ் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி கேட்டான்.

"யாழினி செத்த அன்னிக்கு எங்க வீட்டு அடுப்புல தண்ணி கொதிச்சுக்கிட்டு இருந்துச்சுக்கா. எதுத்த வீட்ல ஒப்பாரி. இங்க தண்ணி கொதிக்குது. நான் என்ன செய்யணும்னு சொல்லு."

"ஒன்னயும் ஒம்புள்ளையயும் காப்பாத்துறதுதான் எனக்குத் தெரிஞ்சது தம்பி"ன்னேன்.

அதுக்கப்புறம் அவன் செஞ்சதுதான் எனக்கு இன்னைக்கும் ஆறல. தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிக் கேட்டுட்டான். சாம்பிள் எந்தத் தேதி வந்துச்சு, ரிசல்ட்டு எந்தத் தேதி தெரிஞ்சுச்சு, எந்தத் தேதி அனுப்புனீங்க. எதக் கேக்கணும்னு அவனுக்குத் தெரியும்ல, நான்தான சொன்னேன். கூடப் பொறந்தவ சொன்ன ரகசியத்த வச்சே கூடப் பொறந்தவ ஆபீஸ மாட்டி விட்டான். என் பேரு எங்கயும் வராமப் பாத்துக்கிட்டான், அது வாஸ்தவம். எங்க ரிஜிஸ்டர் பக்கத்த நகலெடுத்து ஊரெல்லாம் ஒட்டினாங்க. நான் எழுதின எழுத்து, டீக்கடைச் செவுத்துல, பள்ளிக்கூடச் செவுத்துல. அந்தச் செத்த புள்ளையோட போட்டோ பக்கத்துல. ஒரு நம்பர்கூடத் தப்பில்லம்மா அதுல. எல்லாமே சரியா இருந்துச்சு.

அதுலருந்து எங்க லேப்புக்கு வேற பேரு வந்துருச்சு. "பத்தொம்பது நாள் லேப்பு"ம்பாங்க. சாம்பிள் எடுக்கப் போனா, பொம்பளைங்க கேப்பாங்க: "இது தேர்தலுக்கு முன்னாடி ரிசல்ட்டா, பின்னாடி ரிசல்ட்டா?" ஒரு ஊர்ல குளோரின் போட வந்தவங்களயே வெரட்டி விட்டுட்டாங்க, கருத்தடை மருந்து கலக்குறாங்கன்னு. எதுக்கும் எதுக்கும் முடிச்சுப் போடுறாங்க பாருங்க. சந்தானகோபால் சார் மாறுதல் வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. நான் எங்க போக?

பாண்டி அடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தல்ல கவுன்சிலர் ஆயிட்டான். தண்ணி விஷயத்தப் பேசியே ஜெயிச்சான். ஜெயிச்ச கையோட அவன் தெருவுல ஒரு போர் போட்டு, சின்டெக்ஸ் தொட்டி வச்சு, நாலு குழாய் வச்சுக் குடுத்தான். கவர்மெண்டு தண்ணி வேணாம், நம்ம தண்ணி நமக்குன்னு. ஊரே அங்கதான் வந்து புடிச்சுச்சு. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். ருசியும் நல்லாருக்கும். கிருமிக்கு ருசி ஏது, நெறம் ஏது.

ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த மழைக்காலத்துல ஒரு நாள் எங்க சாம்பிள் எடுக்கற ஆளு அந்தப் போர்லயும் எடுத்துட்டு வந்துட்டாரு. மறுநாள் பாட்டிலப் பாத்தேன். கருப்பு.

கூடவே ஊத்தி வச்சிருந்த இன்னொரு பாட்டிலயும் பாத்தேன். அதுவும் கருப்பு. நேர்ல போயிப் பாத்தேன். போர்லருந்து இருபது அடிகூட இல்ல, பொதுக்கழிப்பறையோட செப்டிக் டேங்க். மழை பேஞ்சு பூமிக்குள்ள எறங்கிருக்கு.

இந்தத் தடவ நான் ஒரு நாள்கூட வச்சுக்கல. அன்னிக்கே எழுதி, அன்னிக்கே கையெழுத்துப் போட்டு சீனியர்கிட்டக் குடுத்துட்டேன். இவரு புதுசா வந்தவரு. பாத்தாரு, பேரூராட்சி பேரப் பாத்தாரு, உடனே மேலிடத்துக்குப் போன் பண்ணினாரு. சாயங்காலம் நாலு மணிக்கு ரிப்போர்ட் போயிருச்சு. எனக்கே ஆச்சரியம். நம்ம ஆபீஸ் இவ்வளவு வேகமா வேலை செய்யுமான்னு சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலைல செம்பனேந்தல்ல ஆட்டோவுல மைக் கட்டிட்டு ஆளுங்கட்சிக்காரங்க கத்துறாங்க: "எதிர்க்கட்சிக் கவுன்சிலர் போட்ட போரில் மலக்கிருமி! அரசு ஆய்வகம் அறிவிப்பு!" ரிப்போர்ட்ட பெருசாக்கி பேனர் வச்சுட்டாங்க. அடியில என் கையெழுத்து.

நான் பாண்டிக்குப் போன் பண்ணினேன். பழையபடியே.

"தம்பி, அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க. நெசமாவே கெட்டுப்போச்சு. நானே ரெண்டு பாட்டில்ல பாத்தேன்."

அவன் கேட்டான்.

"அந்தத் தொட்டிக்குப் பத்தொம்பது நாள் ஆச்சு. என் போருக்கு ஒரே நாள்தானாக்கா?"

"இது வேற பாண்டி."

"என்ன வேற?"

ரெண்டு ரிப்போர்ட்டும் உண்மைம்மா. ரெண்டுலயும் நான் உள்ளதத்தான் எழுதினேன். தொட்டித் தண்ணி கெட்டது, அதுவும் நெசம். போர்த் தண்ணி கெட்டது, இதுவும் நெசம். அத எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறது?

"ஒன்ன மெரட்டி எழுத வச்சிருக்காங்கக்கா. எனக்குத் தெரியும். ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்ச வருஷந்தான், நீ என்ன பண்ணுவ"ன்னான். என்மேல எரக்கப்பட்டுப் பேசுறான் அவன். கோவமாப் பேசியிருந்தாக்கூட நான் சண்ட போட்டிருப்பேன்.

பேரூராட்சி ஆபீசுலருந்து போர மூட ஆள் வந்தாங்க, போலீசோட. தெருவுப் பொம்பளைங்க அத்தன பேரும் குடத்த வச்சுக்கிட்டு சுத்தி உக்காந்துட்டாங்க. யாழினியோட அம்மா முன்னால உக்காந்திருந்தா. "எங்க புள்ள செத்தப்ப வராத போலீஸு, நல்ல தண்ணிய மூட வருதா?"ன்னு கேட்டா. மூடாமலே திரும்பிட்டாங்க.

இதெல்லாம் நடக்கறப்ப தேன்மொழி மாசமா இருந்துச்சு. ஏழாம் மாசம். மாப்பிள்ளைக்குத் திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை, அங்க ஒத்த ரூம்பு வாடகை வீடு. அதனால வளைகாப்ப செம்பனேந்தல்ல பாண்டி வீட்லயே வச்சாங்க. அப்படியே பிரசவம் வரைக்கும் தாய் வீட்லயே இருக்கட்டும்னு.

நான் டவுன்லருந்து இருபது லிட்டர் கேன் நாலு எடுத்துக்கிட்டு வேன் வச்சுப் போனேன். வளையல் வாங்கினேனோ இல்லையோ, தண்ணி எடுத்துட்டுப் போனேன். வாசல்ல கேன எறக்கறதப் பாத்து சனங்க குசுகுசுன்னு பேசுது. கவுன்சிலர் வீட்டு விசேஷத்துக்கு அவங்க அக்காவே வெளித்தண்ணி கொண்டு வருதுன்னு. ஆளுங்கட்சிக்காரன் ஒருத்தன் ரோட்டுல நின்னு போன்ல போட்டோ வேற எடுக்கறான். பாண்டி வெளிய வந்தான். மொகம் கறுத்துப்போச்சு.

"அக்கா, இத வேன்லயே வச்சிரு."

"தம்பி, புள்ளத்தாச்சிக்கு மட்டுமாவது..."

"நான் ஊருக்கு ஒரு தண்ணி, என் மகளுக்கு ஒரு தண்ணி குடுக்க மாட்டேன். ஒரு தடவ குடுத்தது போதும்."

அப்படியே உள்ள போனான். பொண்ணு மணையில உக்காந்திருக்கு, கன்னத்துல சந்தனம், ரெண்டு கையும் வளையல். போர்த் தண்ணிய ஒரு செம்புல மொண்டுட்டு வந்து, எல்லார் முன்னாடியும் பாதியக் குடிச்சான். மீதிய மகள்கிட்ட நீட்டினான். சபை பூரா பாக்குது. தேன்மொழி செம்ப வாங்குச்சு. என்னயப் பாத்துச்சு. நான் தலைய ஆட்டினேன், வேணாம்னு. லேசாத்தான் ஆட்டினேன். யாரும் பாக்காத மாதிரி.

நல்ல நாள் அதுவுமா எதுக்குச் சத்தம் போடணும்னு இருந்துட்டேன்மா. சபையில தம்பிய எதுத்துப் பேசினா நல்லாருக்குமா?

குடிச்சிருச்சு. அப்புறம் கைகழுவப் போறப்ப என் காதுல, "அப்பா மொகத்தப் பாத்தேன் அத்தை. முடியல"ன்னுச்சு.

கேன அப்படியே திருப்பி எடுத்துட்டு வந்தேன். அதுக்கப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவ போன் பண்ணுவேன். "கொதிக்க வச்சுக் குடிக்கிறியாடா?" "குடிக்கிறேன் அத்தை"ங்கும். அது எனக்காகச் சொல்லுச்சா, நெசமாக் குடிச்சுச்சான்னு தெரியாது. அவங்கப்பன் முன்னாடி எப்படிக் கொதிக்க வச்சிருக்கும், சொல்லுங்க.

அஞ்சு வாரம் கழிச்சு ஒரு நாள் போன் பண்ணி, "சோறப் பாத்தாலே கொமட்டுது அத்தை"ன்னுச்சு. மாசமா இருக்கறவங்களுக்கு இருக்கறதுதானன்னு அதுவே சொல்லிக்கிச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு. "கண்ணுல மஞ்சள் இருக்கான்னு கண்ணாடியப் பாரு"ன்னேன். பாத்துட்டு வந்து, "லைட்டு வெளிச்சத்துல தெரியல"ன்னுச்சு. மறுநாள் கெளம்பி நேர்லயே போனேன். தெருவுல நொழையும்போதே ரெண்டு வீட்ல மஞ்சக்காமாலை. மொத்தம் பதினோரு பேருக்கு இருந்துச்சு. பாண்டி மகளுக்குக் கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தான். போர்த் தண்ணில கலக்கி.

அந்தக் காமாலை யாருக்கு வந்தாலும் மூணு வாரம் படுத்துக் கெடந்து எந்திரிச்சுருவாங்க. மத்த பத்துப் பேரும் எந்திரிச்சுட்டாங்க. வயித்துல புள்ளையோட இருக்கறவங்களுக்கு வந்தாத்தான் ஆபத்து. எனக்குத் தெரியும். ட்ரெயினிங்ல படிச்சது, பரீட்சையில எழுதி மார்க் வாங்கினது. எனக்கு மட்டுந்தாம்மா தெரியும் அந்தத் தெருவுல.

மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டரம்மா பாத்ததுமே என்னயத் தனியாக் கூப்பிட்டு, "ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க"ன்னாங்க. மூணு நாள். மொத நாள் பேசுச்சு. ரெண்டாவது நாள் என்னயப் பாத்து அம்மான்னு கூப்பிட்டுச்சு, நெனவு தப்பிப்போச்சு. குழந்தை வயித்துலயே போயிருச்சு. பொம்பளப் புள்ள. மூணாவது நாள் காலைல இதுவும்.

வளையல் கழட்டினாங்கம்மா. கண்ணாடி வளையல், கை வீங்கியிருந்துச்சு, கழட்ட வரல. நர்ஸம்மா சோப்புத் தண்ணி போட்டுக் கழட்டினாங்க. ஒடைக்க வேணாம்னு நான் சொன்னேன். எதுக்குச் சொன்னேன்னு தெரியல.

வராண்டாவுல பாண்டி தரையில உக்காந்திருந்தான். நான் பக்கத்துல போயி உக்காந்தேன். சின்ன வயசுல அவன் தலையில கைய வைக்கிற மாதிரி வச்சேன். தள்ளி விடல. அழவும் இல்ல.

"நான் சொன்னத நம்பியிருக்கலாம்ல தம்பி"ன்னேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். வாய்ல வந்துருச்சு.

அவன் நிமிந்து பாத்தான்.

"நான் நம்பாமப் போனது ஒன்னையா, ஒன் ஆபீஸையாக்கா? எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியலயே."

அப்புறம் இன்னொண்ணு சொன்னான். "அன்னிக்கு நீ எனக்கு மட்டும் போன் பண்ணாம இருந்திருந்தா, இந்தத் தடவ நான் ஒன்ன நம்பியிருப்பேன்"னான்.

துக்கத்துல மனுஷன் என்னென்னமோ பேசுவான். அன்னிக்கு நான் போன் பண்ணலைன்னா அவன் மக அப்பவே போயிருக்கும்ல, யாழினி மாதிரி? நான் அஞ்சு வருஷமா இத யோசிக்கிறேன்மா, அவன் சொன்னதுக்கு அர்த்தமே எனக்குப் புடிபடல. நான் நல்லதுதான செஞ்சேன்?

காரியம் முடிஞ்ச மறுநாள் அவனே கடப்பாரைய எடுத்துக்கிட்டுப் போயி குழாய்மேடைய ஒடைச்சான். யாழினி செத்தப்ப அவன் வீட்டுக்கு மட்டும் நான் போன்ல சொன்னதயும் அங்கயே எல்லார்கிட்டயும் சொல்லிட்டான். தெருவே நின்னு பாத்துச்சு, ஒருத்தரும் தடுக்கல. அப்பக்கூட அங்க ரெண்டு பேரு, தண்ணில ஒண்ணுமில்ல, கண்ணு பட்டுருச்சுன்னு பேசிக்கிட்டாங்களாம். கவுன்சிலர் வேலைய வேணாம்னு எழுதிக் குடுத்துட்டான். கடையத் தொறக்கறான், காயில் கட்டுறான். என்கிட்டப் பேசறதில்ல. நான் தீபாவளிக்கு வேட்டி எடுத்து அனுப்புவேன். வாங்கிக்குவான். திருப்பி அனுப்பினதில்ல. இப்பக்கூட அங்கதான் போயிட்டு வர்றேன். வாசல்ல உக்காந்தேன், தம்பி பொண்டாட்டி காப்பி குடுத்துச்சு, அவன் கடையிலருந்து வரவே இல்ல. சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டேன்.

அங்க, ஒரு பஸ் வருது பாருங்க. இல்ல, அது எக்ஸ்பிரஸ், நிக்காது.

நான் ரிட்டையர் ஆகறதுக்கு நாலு நாள் முன்னாடி, ஒரு பொண்ணு லேப்புக்கு வந்துச்சு. முப்பது வயசு இருக்கும். யாருன்னு தெரியாது. அஞ்சு லிட்டர் கேன்ல தண்ணி. பொதுமக்களா எங்க லேப்புக்கு வந்து பல மாசம் ஆச்சு, நான் எந்திரிச்சே போயி வாங்கினேன். எந்த ஊரும்மான்னேன். செம்பனேந்தல்னுச்சு. அவங்க வீட்டுப் பின்னால புதுசா கெணறு வெட்டியிருக்காங்களாம். கைக்குழந்தை இருக்குதாம், அதுக்குக் குடுக்கலாமான்னு தெரியணுமாம்.

ஒவ்வொண்ணா நானே பாத்தேன். உப்பு, இரும்பு, காரம் எல்லாம். ரெண்டு நாள் கழிச்சு வரச் சொன்னேன். பாட்டில் மாறவே இல்லம்மா, ஊத்தினது ஊத்தினபடி தெளிவா நின்னுச்சு. எத்தன நாள் ஆச்சு தெரியுமா அந்த ஊரு பேரு போட்டு நல்ல ரிசல்ட்டு எழுதி? அழகா எழுதினேன். குடிக்கத் தகுதியானது. சீல் வச்சு, கையெழுத்துப் போட்டு, பொண்ணு வந்ததும் கையிலயே குடுத்தேன்.

வாங்கி மேலருந்து கீழ வரைக்கும் படிச்சுச்சு. படிச்சிட்டு என் மொகத்தப் பாத்துச்சு. சண்டக்கு வந்த மாதிரியெல்லாம் இல்ல. ரொம்ப மரியாதையா, மெதுவா, ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்டக் கேக்கற மாதிரி கேட்டுச்சு.

"மேடம், இது ஊருக்குச் சொல்றதா? வீட்டுக்குச் சொல்றதா?"

நான் ரிப்போர்ட்ல இருந்த சீலயும் கையெழுத்தயும் தொட்டுக் காட்டினேன். அது அதப் பாத்துச்சு. அப்புறம் ரிப்போர்ட்ட மடிக்காம என் மேசை மேலயே வச்சுட்டு, காலிக் கேன மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிருச்சு.

நல்ல தண்ணிம்மா அது. சத்தியமா நல்ல தண்ணி.